தெய்வசிகாமணி சேர்த்த மலை

சிரிப்பு வரும். கட்டாயம் வரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற மாதிரி வரும். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் தெய்வசிகாமணி இன்னும் கோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார், அந்த மனுஷனை அவசரப்படுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். கோயமுத்தூர் கணபதியில் கார் இல்லாத ஒரு கார் ஷெட். அதற்குள் சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு ஒரு வெட்டு மெஷின். கம்ப்யூட்டர் காட்டுகிற கோட்டின் மேல் தானாக ஓடிப் பலகையை அறுக்கும். பெட்டி பெட்டியாக வரவழைத்து அவரே திருகித் திருகி மாட்டியது. பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் திரையில் ஒரு மலை. மலை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அவருடைய மூஞ்சி. போன வாரம் கறிச்சோறு தின்றுவிட்டு சோபாவில் வாயைப் பிளந்து தூங்கியபோது, ஒரே மகள் வர்ஷிதா செல்போனைப் பிடித்துக்கொண்டு அவர் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், சாமியைச் சுற்றுகிற பக்தியோடு. போன் பிடித்த அந்த மூஞ்சியைக் கல்லூரி சீனியர் ஒருத்தி கம்ப்யூட்டரில் போட்டு, வெங்காயம் நறுக்குவது போல மட்டம் மட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையின் ஓரத்தையும் ஒரு கோடாக்கி அனுப்பிவிட்டாள். “அப்பா, ப்ராஜெக்டுப்பா, மலை மாடல். ஒவ்வொரு வளையத்தையும் ப்ளைவுட்ல வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும்.” அவ்வளவுதான் சொன்னாள். அடுக்கி முடித்ததும் அவர் முகத்தை அவரே பார்க்கிற நொடியைப் படம் பிடிக்க, ஷெட்டுக்கு நேர் மேலே இருக்கிற பால்கனி அறையில் அவளும் சிநேகிதிகள் மூன்று பேரும் காத்திருக்கிறார்கள். இப்போது சிரித்துவிடாதீர்கள். சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிடுவார்.

ஃபைலைத் திறந்ததும் மலையையே காணோம், திரை நடுவில் ஒரு கொசு செத்துக் கிடந்தது. வேறொருவன் என்றால் பயந்திருப்பான். தெய்வசிகாமணி பயப்படவில்லை, அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, வந்துட்டியா ராசா, எனக்குத் தெரியுமே உன்னை என்று. வெளியிலிருந்து வருகிற ட்ராயிங்குகளின் குணமே அதுதான், அங்கே அங்குலத்தில் வரைந்தது இங்கே மில்லிமீட்டராக வந்து இறங்கும், ஆறங்குல மலை ஆறு மில்லிமீட்டர் கொசுவாகும். இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கினார், கொசு எழுந்து மலையானது. இதை யாராவது பார்த்திருக்கலாம், பக்கத்தில் நின்று ‘அட’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சரி, வேண்டாம். அடுத்தது கோடுகள். தூரத்தில் பார்த்தால் ஒவ்வொரு வளையமும் முழு வளையம் மாதிரிதான் இருக்கும், கிட்டே போய்ப் பெரிதாக்கினால் ஆயிரம் துண்டு, துண்டுக்குத் துண்டு மயிரிழை இடைவெளி. மெஷினுக்குக் கண் கிடையாது. கோடு மூடியிருந்தால்தான் எது உள்ளே எது வெளியே என்று அதற்குத் தெரியும், ஒரு இடத்தில் திறந்திருந்தாலும் அது மலையையும் வெளியையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மலைக்கு நடுவிலேயே பிட்டை, அதாவது அறுக்கிற முனையை, இறக்கிவிடும். அதனால் கிட்டே போக வேண்டும், இன்னும் கிட்டே, ஒரு முனையையும் இன்னொரு முனையையும் தவிர உலகத்தில் எதுவுமே தெரியாத அளவுக்குக் கிட்டே. அவர் போனார். இருபது வருஷத்துக்கு மேல் பம்பு கம்பெனி ட்ராயிங் செக்‌ஷனில் அப்படித்தான் போனார். செக்‌ஷனை மூடுகிறோம் என்று மேனேஜர் ஒரு தட்டில் லட்டு வைத்துக்கொண்டு வந்து சொன்ன அன்றைக்கும் ஒரு முனையையும் இன்னொரு முனையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்குப் பேரன் பிறந்திருந்தது, லட்டு அதற்கு. செய்தியும் லட்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரு கையால் லட்டை வாங்கிக்கொண்டு “சந்தோசமுங்க சார்” என்று சொல்லிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. எதற்குச் சந்தோசம் என்று மேனேஜர் எடுத்துக்கொண்டிருப்பார்? முனை, முனை, சேர். கம்பெனி பஸ் இன்னும் காலையில் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது, மற்ற செக்‌ஷன் ஆட்கள் ஏறுகிறார்கள், அது போகிற வரைக்கும் அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். வெறும் தண்ணீர் போகிறது என்று சுலோச்சனா கத்துகிறாள்.

உங்கள மாதிரி ஒருத்தர். சேர். உங்கள மாதிரி ஒருத்தர். சேர். புதன்கிழமையிலிருந்து இது ஓடிக்கொண்டிருக்கிறது, பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நாரைப் போல நாக்கு அங்கேயே போகிறது. புதன்கிழமை மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், வாயில் கிளிப்பு, அப்போது போன். “சார், வர்ஷிதா ஃபாதருங்களா? நான் வசுந்தரா பேசறேன், காலேஜ்லருந்து. உங்க மெஷினு போட்டோவ உங்க பொண்ணு காமிச்சா. இம்போர்ட் பண்ணுன ட்ராயிங்க சுத்தம் பண்ணி வெட்டற ஆளு ரொம்பக் கம்மிங்க சார். எங்க லேபுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் வேணும். மொதல்ல இந்த மாடலப் பண்ணிக் குடுங்க, மிச்சத்த நேர்ல பேசிக்குவோம். கரெக்டுங்களா?” கரெக்டுங்களா என்று முடிக்கும்போது ஒரு சின்னச் செருமல். தெய்வசிகாமணி ஈரக் கையைப் பனியனில் துடைத்தார், மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டார், போனில் கைலி தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வசுந்தரா மேடம் என்று ஒருத்தர் கல்லூரியில் உண்டு. அவருக்கு இந்த மெஷினும் தெரியாது, இந்த மனுஷனையும் தெரியாது. வர்ஷிதாவுக்கு எல்லார் குரலும் வரும், அதுதான் விஷயம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யச் சொல்கிற பெண் குரல், தாய்மாமன் நாகமாணிக்கத்தின் கட்டைக் குரல், மூன்றாவது வீட்டு நாய் பட்டாசுக்குப் பயந்து முனகுவது, அப்பாவின் குறட்டை, எல்லாம். முதல் ரசிகர் அவர்தான், “எங்க கண்ணு, இன்னொருக்கா” என்று கேட்டுக் கேட்டு வளர்த்தவர். மேடம் குரலை மட்டும் அவள் வீட்டில் செய்து காட்டியதில்லை. மலையை வெட்ட வைக்கத்தான் சிநேகிதி ஒருத்தியின் போனிலிருந்து கூப்பிட்டாள், லேபும் ஆளும் வாய் போன போக்கில் வந்துவிட்டன, நல்லாயிருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. உங்கள மாதிரி என்றால் என்ன மாதிரி? சுத்தமாக வெட்டுகிற மாதிரியா, பொறுமையான மாதிரியா, இல்லை சும்மா கிடக்கிற மாதிரியா? சும்மா கிடக்கிற என்று அந்தம்மா சொல்லவில்லை. குரலில் அது இல்லை. குரலில் மரியாதை இருந்தது, சார் என்று இரண்டு முறை வந்தது.

மூன்றாவது வளையத்தில் பிசகு. ஒரே இடத்தில் இரண்டு கோடு, ஒன்றின் கீழ் ஒன்று தொங்குகிற மாதிரி. வரைந்தவன் இரண்டு தரம் வரைந்துவிட்டான், அப்படியே விட்டால் மெஷின் இரண்டு தரம் அறுக்கும், பலகை கருகும். கீழ்க்கோட்டை அழித்தார். தன் இரட்டைத் தாடையில் ஒன்றை அந்த மனுஷன் ஒரே தட்டில் ஒழித்துக்கட்டினார், எந்த டாக்டராலும் முடியாத காரியம். அதற்கு மேலே ஒரு முள்ளுக்காடு, கோடு கண்டபடி குத்திக் குத்தி எழுந்திருந்தது. மீசை. இதென்ன மலையடா, சிரங்கு பிடித்த மாதிரி என்று முனகிக்கொண்டே மழமழவென்று இழைத்தார். அப்புறம் முகடு. முகடு நிமிர்ந்து நிற்காமல் இடது பக்கமாகச் சாய்ந்து, அடிவாரத்தில் இரண்டு குகையோடு குந்தியிருந்தது. சகிக்கவில்லை. இவ்வளவு கோணலான முகட்டைக் கடவுள் படைத்திருக்கமாட்டார், ட்ராயிங் உள்ளே வரும்போதுதான் நசுங்கியிருக்க வேண்டும், நிமிர்த்திவிடலாமா? கை மவுசின் மேல் நின்றது. வேண்டாம். மேடம் அளவு பார்த்தால்? உங்கள மாதிரி ஒருத்தர் என்று சொன்னவர், யாருங்க மலையைத் திருத்தச் சொன்னது என்று கேட்டால்? இருக்கட்டும், கோணல் மலையாகவே இருக்கட்டும், அசிங்கமாகப் பிறந்தது அதன் குற்றமா? அதற்கு மேலே ஒரு மொட்டைப் பாறை, அகலமாக, ஒரு புல்லுகூட இல்லாமல். அங்கே தீக்குச்சியில் ஒரு சின்னக் கோயில் செய்து ஒட்டினால் எடுப்பாக இருக்கும்.

“ஏனுங்க, சோறு ஆறுது” என்று சமையலறை ஜன்னலிலிருந்து சுலோச்சனா. ஏனுங்க. ஏனுங்க வந்து எத்தனை மாசமாயிற்று. செக்‌ஷன் மூடினதிலிருந்து வெறும் “இந்தா”தான், “இந்தா, மாவு அரைக்கக் குடுத்துட்டு வா”, “இந்தா, அந்தப் பல்லுப் புடுங்கற மெசினை நிறுத்து, பக்கத்து வூட்ல கேக்கறாங்க”. புதன்கிழமை ராத்திரி, சொல்லக் கூடாது சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டே வந்தவர், தோசையைப் பிய்த்தபடி சொல்லிவிட்டார், காலேஜ்ல கூப்பிடறாங்க போலிருக்குது. போலிருக்குது என்று ஒரு ஓட்டையை விட்டுத்தான் சொன்னார், சுலோச்சனா அந்த ஓட்டையைச் சேர்த்து மூடிவிட்டாள். அடுத்த தோசையில் நெய். அதற்கடுத்த நாள் அண்ணனுக்குப் போன். நாகமாணிக்கம் உடனே கூப்பிட்டான், “மாப்ள, புரொபசரு ஆயிட்டீங்களாமா? இனி நாங்கெல்லாம் கை கட்டிட்டுத்தான் நிக்கோணும்!” என்று. இல்லீங்க மச்சான், இன்னும் பேசலீங்க, ஒரு மாடல்தானுங்க. “அட, கூச்சப்படாதீங்க, பல்லடத்துல எல்லார்த்துகிட்டயும் சொல்லியாச்சு!” பல்லடத்தில் எல்லாரிடமும். எல்லாரும் என்றால் யார் யார்? கல்யாண மண்டபங்களில் ‘இப்ப என்ன பண்றீங்க’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பந்திக்குப் போகிறவர்கள் எல்லாரும். பலகை உடைந்தால்? பிட்டு நடுவில் முறிந்தால்? வளையம் வெட்டி முடிகிற கடைசி நொடியில் துண்டு கழன்று பறந்துபோனால்? அதற்கு ஓரத்தில் அங்கங்கே வெட்டாமல் சின்னப் பாலம் விட வேண்டும், நாலு விடலாம், இல்லை, ஆறு விடலாம், பல்லடம் முழுக்கச் சொல்லியாயிற்று, எட்டே விடலாம். சோறு ஆறட்டும்.

“அப்பா, ஆச்சா?” வர்ஷிதா. படியில் இறங்கி வந்து கதவோரமாக நிற்கிறாள், கையில் மோர். முகம் சிவந்து கிடக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பாவம், படிப்பு, ராத்திரியெல்லாம் வரைகிறார்கள் இந்தப் பிள்ளைகள். “ஆச்சு சாமி, ஒரே ஒரு எடம். இங்க பாரு, இந்தப் பள்ளத்த.” காட்டினார். முகட்டுக்குக் கீழே, முள்ளுக்காட்டை அடுத்து, நீளவாக்கில் ஒரு பெரிய பள்ளம், வளையத்துக்கு வளையம் ஆழமாகப் போகிறது. “இது ஏரிதான? பாரு, எவ்வளவு பெரிய வாய் இதுக்கு. எங்கிட்ட நீல அக்ரிலிக் கிடக்குது, அளவா வெட்டி உள்ள பதிச்சு வெக்கட்டுமா? தண்ணி மாதிரியே இருக்கும். மேடம் அசந்துருவாங்க.” வர்ஷிதா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோரை மேஜையில் வைத்தாள், கொஞ்சம் தளும்பியது. “வெய்யிப்பா” என்றாள் ஒரு மாதிரி மெல்லிய குரலில், “ரெண்டு மீனு கூட விட்டுருப்பா.” சொல்லிவிட்டு இருமிக்கொண்டே படியேறி ஓடினாள். “தூசி கண்ணு, மூக்கக் கட்டிட்டு வரணும்னு சொன்னன்ல!” என்று பின்னாலேயே கத்தினார். மேலே கதவு சாத்துகிற சத்தம், தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு நாலு பேர் இருமுகிற சத்தம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருமல். ஊர் முழுக்கக் கட்டடம் கட்டுகிறார்கள், தூசி. மீன். நல்ல யோசனைதான். அவள் இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று ரொம்ப நாளாயிற்று. மீன் வெட்டலாம், சின்னதாக இரண்டு. ஏரியின் வாயை எல்லா மட்டத்திலும் அவரே கைப்பட மூடினார், முனை, முனை, சேர்.

ப்ளைவுட்டை இறுக்கினார். பலகைக்கும் பிட்டு நுனிக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து, காகிதம் லேசாகப் பிடிக்கிற வரைக்கும் இறக்கி, அதுதான் பூஜ்ஜியம் என்று மெஷினுக்குச் சொன்னார். பொத்தானை அமுக்கினார். பல்லுப் புடுங்கற சத்தம் எழுந்தது, ஷெட்டு முழுக்க மர வாசனை, அடிவாரத்து வளையம் மெல்ல மெல்லப் பலகையிலிருந்து பிரிந்தது, ஒரு இடத்திலும் கருகவில்லை. பாருங்க மேனேஜர், பாருங்க மச்சான், பாரு சுலோச்சனா. மெஷின் ஓடுகிற நேரத்தில் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு வளையத்திலும் குச்சி சொருகி அடுக்குவதற்கு இரண்டு துளை இருக்கிறது, துளைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நேராக நிற்குமா என்று ஒரு தரம் பார்த்துவிடலாமே. திரையில் தனித்தனியாகக் கிடந்த வளையங்களை எடுத்து, துளையோடு துளை பொருத்தி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தார். துளையை மட்டும்தான் பார்த்தார். கடைசி வளையத்தையும் வைத்துவிட்டு, நிமிர்ந்து, நாற்காலியில் சாய்ந்து, முழுசாகத் தெரியும்படி படத்தைச் சிறிதாக்கித் தூரத்துக்குப் போனார். யாரோ படுத்திருந்தார்கள். ஏதோ சாமி முகம் என்றுதான் முதலில் கை கும்பிடப் போனது. இல்லை. அப்பா. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று இப்படித்தான், மூக்கு இடது பக்கம் சாய, வாய் திறந்தபடி, மூடவே மாட்டேன் என்று, யாரோ ஒரு கிழவர் வந்து “தாடையக் கட்டுங்கப்பா, ஈ போகுது” என்று சொல்ல, இவர்தான் வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டார். கை அந்தச் சில்லிப்பை இன்னும் வைத்திருந்தது. அப்பா எப்படி இந்த ஃபைலுக்குள்? நெற்றி அப்பாவுடையது இல்லை. அப்பாவுக்குத் தலை நிறைய முடி. தெய்வசிகாமணியின் கை தானாக எழுந்து மூக்கைத் தடவியது, அப்புறம் நெற்றியை, அப்புறம் மெல்ல, கள்ளன் போல, தாடைக்குக் கீழே தொங்குகிற அந்த இரண்டாவது கோட்டை.

முதலில் சிரித்தவர் அவர்தான். “அடக் கழுதை” என்று ஒரு சிரிப்பு, வயிறு குலுங்க, மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காத சிரிப்பு. அட நாய்க் கழுதை, அப்பனை மலையாக்கிவிட்டாளே, ஏரியில் மீன் வேறு விடச் சொன்னாளே! எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருக்கிறார்கள், ஒரு மட்டம்கூடத் தவறவில்லை, கண்ணோரச் சுருக்கம் வரைக்கும் வந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்து துடைத்துக்கொண்டார். துடைத்த கை பாதியில் நின்றது. மேடம். ஐயோ, மேடத்துக்கு இது தெரியாதே. மலை என்று நம்பிக் காத்துக்கொண்டிருப்பாரே, இந்தப் பிள்ளை விளையாட்டுத்தனத்தில் மேடத்தையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறது. நாளைக்கு இதைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தால் என்ன ஆகும், மார்க்கு போகும், பெயர் போகும், அப்பனும் மகளும் சேர்ந்து கூத்தடிக்கிறார்கள் என்று நினைப்பார், லேபு, பல்லடம், நெய், எல்லாம். ஆனால் மலையை இன்றைக்கே வேறு போட்டுவிடலாம். நிஜ மலை. மருதமலையையே வெட்டிவிடலாம், சாயங்காலத்துக்குள் ஃபைல் தேடிச் சுத்தம் செய்துவிடலாம், அவரால் முடியும், அவரை மாதிரி ஒருத்தரால் முடியும். பிள்ளையைத் திட்டாமல் காப்பாற்ற ஒரே வழி, முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. எழுந்து நின்று புதன்கிழமை வந்த நம்பரை அழுத்தினார்.

“சொல்லுங்க சார், வசுந்தராதான் பேசறேன்.”

“மேடம், வணக்கமுங்க, ஞாயித்துக்கெழம தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. ஒண்ணுமில்லீங்க, பாப்பா கொஞ்சம் அவசரத்துல வேற ஃபைல அனுப்பிருச்சுங்க. அது மேல ஒரு தப்புமில்லீங்க. நாந்தான் சரியாக் கேட்டுக்கல, தப்பு என்னுதுங்க. மார்க்குல ஏதும் கைவெச்சராதீங்க மேடம், ராத்திரி பகலா ஒழைக்கற புள்ள. நாளைக்குக் காலைல நானே நல்ல மலையாக் கொண்டாந்து குடுத்தர்றனுங்க.”

பதிலுக்கு ஏதோ வந்தது, மெஷின் அதைத் தின்றுவிட்டது. காதோடு போனை அழுத்தினார், பிடிபடவில்லை. “ஒரு நிமிசமுங்க மேடம், சத்தமா இருக்குது, நிறுத்திர்றேன்” என்று கத்தி, இன்னொரு கையால் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பிட்டு பாதி வெட்டில் மேலே எழுந்தது. ஊளைச் சத்தம் இறங்கி, முனகலாகி, ஒரு சீழ்க்கையாகி, நின்றது. ஷெட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தின் அமைதி வந்து உட்கார்ந்தது, குக்கர்கூடக் கத்தவில்லை.

“பரவால்லீங்க சார்” என்றது பால்கனி. “பரவால்லீங்க சார்” என்றது காதுக்குள், ஒரு மூச்சு தள்ளி. “உங்கள மாதிரி ஒருத்தர்” என்றது பால்கனி, “உங்கள மாதிரி ஒருத்தர்” என்றது காது, “சொன்னா நான் நம்பாம இருப்பனுங்களா, கரெக்டுங்களா?” அந்தச் சின்னச் செருமல் மேலிருந்து ஒரு தரமும் உள்ளிருந்து ஒரு தரமும் வந்தது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரித்தாள்.

தெய்வசிகாமணி போனைக் காதிலிருந்து எடுத்தார். சட்டையோடு சேர்த்து, உள்ளங்கையால் முழுக்க மூடி, நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“சார்?” என்று வசுந்தரா மேடம் தெளிவாகக் கேட்டார். “லைன்ல இருக்கீங்களா சார்?”